தப்பாகப் பேச ஓர் இடம் வேண்டும்

கேள்வி: எங்கள் ஊர் திருமுக்கூடல். நான் வாலாஜாபாத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். நெசவு செய்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று பதினைந்து பேர் சேர்ந்து பேச்சுப் பயிற்சி மன்றம் தொடங்கினோம். முதல் கூட்டம் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, சுண்டல் என்று அமர்க்களமாக நடந்தது. இப்போது ஆறேழு பேர்தான் வருகிறார்கள். நன்றாகப் பேசும் இரண்டு பேரே ஒவ்வொரு மாதமும் பேசுகிறார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மன்றம் நிலைக்க என்ன செய்வது? மாதம் ஒரு கூட்டம் போதுமா?
(வாசகர், திருமுக்கூடல்)

பதில்: போதாது. அதைவிட முக்கியமான கோளாறு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பயிற்சி மன்றம் என்று பெயர் வைத்துவிட்டு மாதாமாதம் விழா நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

நம்மிடம் மேடைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. திருவிழா என்றால் பட்டிமன்றம், தேர்தல் என்றால் தெருமுனைக் கூட்டம், காதுகுத்துக்குக்கூட ஒலிபெருக்கி. அவையெல்லாம் பேசத் தெரிந்தவர்களுக்கான மேடைகள். பேசிப் பழகாத ஒருவர் எழுந்து நின்று, திணறி, பாதியில் மறந்துபோய், சமாளித்து முடித்து, யாருடைய ஏளனத்துக்கும் ஆளாகாமல் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் அது இல்லை. அங்கே நன்றாகப் பேசும் பிள்ளையைத்தான் போட்டிக்கு அனுப்புவார்கள். அந்த இடத்தைக் கொடுப்பதற்காகவே பேச்சு மன்றம் இருக்கிறது. எனவே முதல் வேலையாகப் பொன்னாடையை நிறுத்துங்கள். சிறப்பு விருந்தினரும் வேண்டாம். 'மதிப்புக்குரிய தலைவர் அவர்களே' என்று தொடங்கி வந்திருக்கும் அத்தனை பேரையும் விளித்து முடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சில் ஒன்றரை நிமிடம் அதிலேயே கரைந்துபோகிறது.

அடுத்து, நாள். மாதத்துக்கு ஒரு முறை பேசுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பயம். போன தடவை கொஞ்சம் விலகிய நடுக்கம் முப்பது நாளில் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது கூடுங்கள். கிழமையும் நேரமும் இடமும் மாறவே கூடாது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். கிறித்தவப் போதகர்களோடு நெருங்கிப் பணியாற்றியவர். வாரந்தோறும் நடக்கும் தேவாலயப் பிரசங்கத்தின் வலிமை அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் தாமும் வெள்ளிக்கிழமை மாலை என்று வைத்துத் தொடர்ந்து நடத்தினார். நாள் நிலையாக இருந்தால் அழைப்பு அனுப்பும் வேலை பாதி மிச்சம்.

உங்கள் மன்றத்தில் நெசவாளர்கள் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நெய்து கொடுத்தால்தான் கூலி. தறியை விட்டு எழுந்துவரும் இரண்டு மணி நேரம் அவர்கள் கையிலிருந்து போகிற காசு. ஆறு மணிக்குக் கூட்டம் என்று சொல்லிவிட்டு ஆறே முக்காலுக்குத் தொடங்கினால் அடுத்த முறை அவர் வரமாட்டார். வராததில் நியாயமும் இருக்கிறது. எந்த நாளில் தறி ஓடாது என்று அவர்களையே கேட்டுக் கிழமையை முடிவு செய்யுங்கள். முகூர்த்த மாதங்களில் கூட்டம் குறையும். ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒத்திவைக்க மட்டும் செய்யாதீர்கள்.

கூட்டத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சாண்டா ஆனா என்ற ஊரில், ரால்ஃப் ஸ்மெட்லி 1924 அக்டோபர் 22 அன்று தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம். இன்று உலகெங்கும் கிளைகள் உண்டு. தமிழிலேயே நடக்கும் மன்றங்கள் உண்டு. பாடத்திட்டமும் தமிழில் கிடைக்கிறது. முறைப்படி கிளை தொடங்கக் குறைந்தது 20 பேர் வேண்டும், சந்தா டாலர் கணக்கில் வரும் என்பதால் இப்போதைக்கு நீங்கள் அதில் சேர வேண்டியதில்லை. அவர்கள் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்து வந்து பேசும் பேச்சு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறாவது நிமிடம் மஞ்சள், ஏழாவது நிமிடம் சிவப்பு. விளக்கு வேண்டாம், மூன்று அட்டைகள் போதும். சிவப்பைக் கண்டதும் முடித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்தாலும்தான். பிறகு, அந்த இடத்திலேயே தலைப்பைக் கொடுத்து ஒன்று அல்லது இரண்டு நிமிடம் பேசச் சொல்லும் பகுதி. அதற்கு வந்திருக்கும் எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரே பேசும் பிரச்சினை அன்றோடு தீரும்.

குடம் என்றதும் உங்களுக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வந்திருக்கும், பக்கத்து ஊர்தானே. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தோன்றுவது வேறு: வாரியத்தில் இருப்பவர் 360 நாள் ஆனதும் விலக வேண்டும், அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு அவர் பெயரைக் குடத்தில் இட முடியாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமே இல்லை. ஊர் மன்றங்கள் பெரும்பாலும் பேச்சாளர் இல்லாமல் சாவதில்லை. பத்து வருடம் ஒரே தலைவர் இருப்பதால் சாகின்றன. உங்கள் தலைவர், செயலாளர் பதவிகளுக்கு ஒரு வருடக் கெடு வையுங்கள். அன்றன்றைய கூட்டத்தை நடத்துபவர், நேரம் பார்ப்பவர், 'வந்து', 'அதாவது', 'என்னன்னா' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுபவர் ஆகியோர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாறட்டும். பேசப் பயப்படுகிறவருக்கு முதலில் கடிகாரத்தைக் கொடுங்கள். அறிக்கை சொல்ல அரை நிமிடம் அவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அதுவே அவருடைய முதல் பேச்சு.

மன்றத்தின் உயிர் மதிப்புரையில் இருக்கிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு இது எளிதில் வருவதில்லை. 'அருமை, மிக அருமை' என்போம், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு குற்றம் அடுக்குவோம். ஓர் இளைஞர் கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் ஏன் இன்னோர் ஆள் வேண்டும் என்று பேசினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்புரை இப்படி அமையலாம்: 'உடலும் கரையும் சேரும் இடத்தைச் சொல்லும்போது இரண்டு கையாலும் நாடாவை வாங்குவதுபோல் காட்டினீர்கள். அங்கே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆனால் நெசவின் பெருமை என்று தொடக்கத்தில் இரண்டு நிமிடம் போய்விட்டது. அதில் உங்களுக்கே மனம் ஒட்டவில்லை. அடுத்த தடவை நேரே தறிக்குழியில் தொடங்குங்கள்.' பார்த்ததைச் சொல்கிறது, திருத்த ஒன்றே ஒன்றைக் கொடுக்கிறது. இப்படி ஒரு வார்த்தை கேட்டவர் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வருவார். கைதட்டல் மட்டும் வாங்கியவர் வரலாம், வராமலும் போகலாம்.

கேள்வி: நானும் அந்த மன்றத்தில்தான் இருக்கிறேன். எதைப் பற்றிப் பேசுவது என்றே தெரியவில்லை. எல்லாரும் தாய்மொழி, ஒழுக்கம், தன்னம்பிக்கை என்றே பேசுகிறோம்.
(வாசகி, பழைய சீவரம்)

பதில்: ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்தது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஆள் ஆளாக எவ்வளவு நெல் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். மருந்துகளின் பட்டியல்கூட உண்டு. அதோடு, மாணவர்கள் தங்கிப் படிக்கும் கல்லூரியும் இருந்தது. இது ஒரு பேச்சு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் தண்ணீர் ஓடிய வருடங்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து சொல்வது இன்னொரு பேச்சு. தை மாதம் காஞ்சி வரதர் பாரிவேட்டைக்கு உங்கள் ஊர் மலைக்கு வரும் நாள் இன்னொன்று. தன்னம்பிக்கையைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். இவற்றை உங்களைப் போல் வேறு யாராலும் பேச முடியாது.

கேள்வி: எனக்கு வீட்டில் பேச்சு சரளமாக வரும். மேடை ஏறினால் அடுக்குமொழி வரமாட்டேன் என்கிறது. ஆண்கள் நிறைய இருந்தால் வாயே திறப்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் மன்றத்தில் சேரலாமா?
(வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

பதில்: அண்ணா பிறந்த ஊர்க்காரர் நீங்கள், உங்கள் ஊரில் பேச்சு என்றாலே அடுக்குமொழி என்று நினைப்பது இயல்புதான். அது அவருக்கு வாய்த்தது. அதைப் பார்த்துப் பேசிய ஆயிரம் பேரில் எத்தனை பேரை இன்று நினைவு வைத்திருக்கிறோம்? வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அது போதும்.

மன்றம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கிழமையானாலும் கூட்டத்தைப் பிற்பகலில் வைத்து இருட்டுவதற்குள் முடியுங்கள். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து வரட்டும். ஒரு பெண் பேசி முடித்ததும் அவர் புடவையைப் பற்றியோ குரலைப் பற்றியோ மதிப்புரை சொல்ல யாரையும் விடாதீர்கள்.

நான்கைந்து தடவை மன்றத்தில் பேசிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். இந்த மூன்று கடிதம் எழுதியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை. தெருவிளக்கோ குடிநீரோ, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.