சத்தம் எந்தக் கபாசிட்டரில் இருக்கிறது?

கேள்வி: ஐயா, பழைய ஐசிகள் விற்கும் ஒருவரிடம் எஸ்என்76477 என்ற ஒலி ஐசி வாங்கினேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் பறக்கும் தட்டு வரும்போது கேட்குமே, அந்தச் சத்தம் இதிலிருந்துதான் வந்தது என்றார். பிரெட்போர்டில் சைரன் சர்க்யூட் போட்டேன். முதல் தடவையே ஒலித்தது. அதையே துப்பாக்கிச் சத்தமாக்க மிக்சரை மட்டும் இரைச்சலுக்கு மாற்றினேன். ‘உஸ்’ என்று ஆரம்பித்தது நிற்கவே இல்லை. 1-ஆம் காலை 5 வோல்ட்டுக்கும் 28-ஆம் காலை கிரவுண்டுக்கும் மாற்றி, ஆர்டுயினோவிலிருந்து 9-ஆம் காலை 5 மில்லிசெகண்ட் மட்டும் கீழே இறக்கினால் ‘டிக்’ என்பதோடு சரி. இதற்குள் சத்தம் எங்கே பதிந்திருக்கிறது? கட்டுப்பாட்டுச் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது? ஒரே ஐசியில் துப்பாக்கி, வெடி, சைரன் மூன்றையும் வரவைக்க முடியுமா?

பதில்: சத்தம் எங்கேயும் பதிந்திருக்கவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இந்த 28 கால் ஐசிக்குள் நினைவகமும் இல்லை, எழுதி வைக்க ரெஜிஸ்டரும் இல்லை. இதே நிறுவனத்தின் எஸ்என்76489-க்கு எண்களை அனுப்பினால் அது ஸ்வரத்தை மாற்றும். பெயரில் ஒட்டி வந்தாலும் இரண்டும் வேறு ஜாதி. 76477-இல் எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் நீங்கள் வெளியே மாட்டும் ரெசிஸ்டரும் கபாசிட்டரும்தான் தீர்மானிக்கின்றன. லாஜிக் கால்கள் செய்வது எதை உள்ளே விடுவது, எதை அடைப்பது என்பதை மட்டும். இந்தப் பிரிவினை பிடிபட்டால் உங்கள் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

உள்ளே ஒலியைக் கிளப்புபவை மூன்று. முதலாவது மெதுவான ஆசிலேட்டர்: 20-ஆம் காலில் ரெசிஸ்டர், 21-ஆம் காலில் கபாசிட்டர். அதன் அதிர்வெண் 0.64-ஐ அந்த இரண்டின் பெருக்கத்தொகையால் வகுத்தால் வருவது. 120 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் வினாடிக்கு ஐந்து தடவைக்குச் சற்று மேல். இரண்டாவது விசிஓ எனப்படும், வோல்டேஜுக்கு ஏற்ப வேகம் மாறும் ஆசிலேட்டர். அதன் மிகக் குறைந்த அதிர்வெண்ணுக்கும் அதே 0.64 கணக்குதான், கால்கள் மட்டும் 18, 17. 8.2 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 780 ஹெர்ட்ஸ். அங்கிருந்து பத்து மடங்கு வரை அது மேலே ஏறும். 22-ஆம் காலை மேலே, அதாவது 5 வோல்ட்டில், வைத்து மெதுவான ஆசிலேட்டரின் முக்கோண அலை இதை ஆட்டும்படி விட்டால் ‘வீயூ வீயூ’ என்று பறக்கும் தட்டின் பாணியில் கத்தும். உங்கள் சைரன் இதுதான். (1978-இல் டாய்டோ வெளியிட்ட அந்த விளையாட்டில் பறக்கும் தட்டு மட்டுமே இந்த ஐசியின் வேலை. நெருங்கி வரும் படையின் காலடியும் சுடும் சத்தமும் தனித்தனி அனலாக் சர்க்யூட்டுகள்.)

மூன்றாவது இரைச்சல். அதன் கடிகாரம் ஓட 4-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 43 கிலோ ஓம் வேண்டும். இரைச்சல் எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்பதை 5, 6-ஆம் கால்களில் உள்ள வடிகட்டி முடிவு செய்கிறது. 1.28-ஐ ரெசிஸ்டர், கபாசிட்டர் பெருக்கத்தொகையால் வகுங்கள். அந்த அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளது மங்கிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண ஆர்சி சர்க்யூட்டில் ரெசிஸ்டர் வழியாகவே கபாசிட்டர் நிறைந்து வடியும், கோடு வளையும். இதில் ரெசிஸ்டர் ஒரு கால், கபாசிட்டர் வேறு கால். ரெசிஸ்டர் எவ்வளவு மின்னோட்டம் என்று அளவு மட்டும் சொல்கிறது. ஐசி அதே கணக்கில் மின்னோட்டத்தைக் கபாசிட்டருக்குள் செலுத்தி வாங்குகிறது. அதனால்தான் நேர்கோட்டு முக்கோண அலை கிடைக்கிறது, சைரனும் சீராக ஏறி இறங்குகிறது.

இனி கட்டுப்பாடு. மிக்சருக்கு மூன்று தேர்வுக் கால்கள்: சி என்பது 27, பி என்பது 25, ஏ என்பது 26. ஏ, பி, சி என்று வரிசையாக இருக்கும் என நம்பி மாட்டித் தவறாதவர்கள் குறைவு. சி, பி, ஏ மூன்றும் கீழே இருந்தால் விசிஓ மட்டும். பி மட்டும் மேலே என்றால் இரைச்சல். சி மட்டும் மேலே என்றால் மெதுவான ஆசிலேட்டரும் இரைச்சலும் சேர்ந்து, அதாவது நீராவி ரயிலின் ‘குப் குப்’. மூன்றும் மேலே என்றால் மௌனம். மிக்சர் என்ற பெயரைப் பார்த்து ஆடியோ மிக்சர் போல ஒலிகளைக் கூட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இது ‘ஆண்ட்’ கேட். இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி, இரண்டும் திறந்திருக்கும் கணத்தில்தான் ஏதாவது வெளியே வரும். ரயில் சத்தத்துக்கு அது பொருத்தம். சைரனும் வெடியும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றால், தேர்வுக் கால்களைக் காதுக்கு எட்டாத வேகத்தில், 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல், மாற்றி மாற்றிக் காட்டி ஏமாற்ற வேண்டும்.

மிக்சரைத் தாண்டியதும் என்வலப், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கம். இதைத் தேர்வு செய்பவை 1-ஆம் காலும் 28-ஆம் காலும். 1 கீழே, 28 மேலே இருந்தால் ‘மிக்சர் மட்டும்’: ஏற்ற இறக்கமே இல்லாமல், 9-ஆம் கால் கீழே இருக்கும் வரை ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். சைரனுக்கு அப்படித்தான் மாட்டியிருப்பீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு இரைச்சலுக்கு மாறியதால் ‘உஸ்’ நிற்கவில்லை. பிறகு 1 மேலே, 28 கீழே என்று மாற்றினீர்கள் அல்லவா, அது ஒன்-ஷாட், அதாவது ஒரு தடவை ஒலித்து அடங்கும் முறை. துப்பாக்கிக்கு அதுதான் சரி.

அப்படியானால் ‘டிக்’ ஏன்? குற்றவாளி 9-ஆம் கால். அதற்கு இரண்டு வேலை. மேலிருந்து கீழே இறங்கும் அந்த நொடியில் ஒன்-ஷாட்டைக் கிளப்பிவிடுகிறது. மேலே ஏறினால் ஐசியின் வாயை மூடிவிடுகிறது. நீங்கள் 5 மில்லிசெகண்டில் மறுபடி மேலே ஏற்றியதும், ஏறத் தொடங்கிய ஒலி பாதியிலேயே வெட்டுப்படுகிறது. டிஜிட்டல் ஐசிகளுக்குப் பல்ஸ் கொடுத்துப் பழகிய கை செய்கிற காரியம் இது. இங்கே பல்ஸின் அகலமும் ஒலியின் ஒரு பகுதி. கீழே இறக்கி, ஒலி முழுவதும் வடிந்து முடியும் வரை கீழேயே வைத்திருங்கள். அடுத்த குண்டுக்கு முன்னால் மேலே ஏற்றி, மறுபடி இறக்குங்கள்.

எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடலாம். ஒன்-ஷாட்டின் நீளம் 0.8 × ரெசிஸ்டர் × கபாசிட்டர், கால்கள் 24, 23. 330 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் போட்டால் 26 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்குள் 8-ஆம் காலில் உள்ள கபாசிட்டர் நிறைகிறது; அதன் வோல்டேஜ்தான் ஒலியின் உயரம். நிறையும் வேகத்தை 10-ஆம் காலின் ரெசிஸ்டரும், ஒன்-ஷாட் முடிந்தபின் வடியும் வேகத்தை 7-ஆம் காலின் ரெசிஸ்டரும் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் வெறும் ரெசிஸ்டர் × கபாசிட்டர். 8-இல் 1 மைக்ரோஃபாரட், 10-இல் 10 கிலோ ஓம் என்றால் ஏற 10 மில்லிசெகண்ட். 7-இல் 220 கிலோ ஓம் என்றால் இறங்க 220. ஆக 9-ஆம் காலைக் குறைந்தது 250 மில்லிசெகண்ட் கீழே வையுங்கள். ஒன்-ஷாட்டை ஏற்ற நேரத்தைவிடக் குறைவாக வைத்தால் ஒலி முழு உயரத்தை எட்டுவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். துப்பாக்கி பட்டாசுத் திரி போலச் சீறும்.

மூன்று சத்தம் ஒரே ஐசியில் முடியுமா என்றால், முடியும். ஆனால் ஆர்டுயினோவின் கால்கள் மட்டும் போதாது. சைரனுக்கும் துப்பாக்கிக்கும் இடையே மாற மிக்சர், என்வலப் கால்களை மாற்றினால் போதும். துப்பாக்கி, வெடி இரண்டிலுமே இரைச்சல், ஒன்-ஷாட்தான். வேறுபடுவது கபாசிட்டரும் ரெசிஸ்டரும். அதற்கு சிடி4066 என்ற அனலாக் ஸ்விட்ச் ஐசி வேண்டும். வடிகட்டியில் 82 கிலோ ஓமும் 0.0039 மைக்ரோஃபாரடும் நிரந்தரமாக இருக்கட்டும்: 4 கிலோ ஹெர்ட்ஸ், துப்பாக்கி. 4066 வழியாக இன்னொரு 0.033 மைக்ரோஃபாரடை அதற்கு இணையாகச் சேர்த்தால் சுமார் 420 ஹெர்ட்ஸுக்கு இறங்கி ‘டும்’ என்று கனக்கும். 7-ஆம் காலில் 1 மெகா ஓமை நிரந்தரமாக வையுங்கள்: ஒரு வினாடி நீளும் வெடி. துப்பாக்கிக்கு மட்டும் 4066 வழியாக 270 கிலோ ஓமை இணையாகச் சேருங்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 213 கிலோ ஓம், பழைய கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். வெடி ஒலிக்கும்போது 9-ஆம் கால் ஒரு வினாடிக்கு மேல் கீழே இருக்க வேண்டும் என்பதை நிரலில் மறக்காதீர்கள்.

சைரனின் சுருதியையும் ஆர்டுயினோவே ஆட்ட வேண்டும் என்று ஆசை வந்தால், 22-ஆம் காலைக் கீழே இறக்கி, 16-ஆம் காலுக்குப் பிடபிள்யூஎம்மை வடிகட்டிக் கொடுங்கள். 0 முதல் 2.35 வோல்ட்டுக்குள் அடக்குங்கள். வோல்டேஜ் கூடினால் சுருதி குறையும், தலைகீழ்.

13-ஆம் காலில் வரும் வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் கட்டாயம், 2.7 முதல் 10 கிலோ ஓம் வரை எதுவும் சரி. 12-க்கும் 13-க்கும் நடுவே 47 கிலோ ஓம், 11-இலிருந்து கிரவுண்டுக்கு 150 கிலோ ஓம் போட்டால் உச்சத்திலிருந்து உச்சம் சுமார் 1 வோல்ட் கிடைக்கும். எல்எம்386 அதைத் தாராளமாகப் பெருக்கும்.

பொம்மைக்கோ நாடகத்துக்கோ சத்தம் மட்டும் தேவை என்றால் இந்த ஐசி வேண்டாம். மலிவான எம்பி3 மாட்யூல் எந்தச் சத்தத்தையும் இதைவிடத் தெளிவாகத் தரும். ஒரு கபாசிட்டரை மாற்றினால் துப்பாக்கி வெடியாவதைக் காதால் கேட்டுப் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு இதற்கு மாற்று இல்லை.

உங்கள் சைரன் ஒலித்ததால் கையில் இருக்கும் ஐசி நல்லதுதான். இரண்டாவது ஒன்று வாங்கினால் மட்டும் ஜாக்கிரதை. பழைய ஐசிகளில் மேற்பூச்சைச் சுரண்டி வேறு எண் அடித்து விற்பது உண்டு. 14-ஆம் காலுக்கு 9 வோல்ட், 2-ஆம் காலுக்குக் கிரவுண்ட் கொடுத்து, வேறு எதையும் மாட்டாமல் 15-ஆம் காலை மல்டிமீட்டரில் பாருங்கள். ஐசிக்குள்ளேயே இருக்கும் ரெகுலேட்டரின் 5 வோல்ட் அங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சர்க்யூட்டில் தேடி நேரத்தை வீணாக்காமல் ஐசியை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.