பிக்கப் வண்டிக்குச் சேற்று ரயர்: வயற்பாதையிலும் தார் வீதியிலும்

பெரும்போக மழை தொடங்கியதும் வயலோரப் பாதைகளில் நிகழ்வதைக் கமக்காரர் யாவரும் அறிவர். உரமூடை ஏற்றிய பிக்கப் வண்டி களியில் ஒரு சில்லைப் புதைத்துக்கொண்டு நிற்கும். அதனை இழுத்தெடுக்க அயலவரின் உழவு இயந்திரத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அதற்குள் அரைநாள் கழிந்துவிடும். இத்தொல்லை வேண்டாமென்று பலர் தம் வண்டிகளுக்குப் பெரிய இறப்பர்க் கட்டைகளும் ஆழ்ந்த தவாளிப்புகளும் கொண்ட சேற்று ரயர்களைப் பூட்டுகின்றனர். அவை வண்டியைச் சேற்றிலிருந்து வெளிக்கொணரும் என்பது உண்மை. ஆனால் ஆண்டு முழுவதும் அவற்றுடன் வண்டி ஓட்டுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் வேறு பல உண்டு.

சாதாரண வீதி ரயரின் தவாளிப்பு புதிதாக இருக்கும்போது 8 அல்லது 9 மில்லிமீற்றர் ஆழமாக இருக்கும். சேற்று ரயரில் அது 14 மில்லிமீற்றர் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். கட்டைகளுக்கிடையே அகன்ற வெற்றிடம் விடப்பட்டுள்ளது. கட்டை சேற்றைக் கடித்துப் பிடிக்கிறது. சில்லுச் சுழலும்போது வெற்றிடத்தில் நிறைந்த சேறு வெளியே வீசப்படுகிறது. இவ்வீச்சு நின்றுவிட்டால் ரயரின் பயனும் நின்றுவிடும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிலுள்ள கருங்களி இதற்கு நல்ல சான்று. ஈரத்தில் பசைபோல் ஒட்டும் அந்தக் களியில் மிக மெதுவாகச் செல்லும் வண்டியின் தவாளிப்புகள் சில முழம் தூரத்திலேயே நிரம்பிவிடும். பின்னர் அதனைச் சேற்று ரயர் என்பதற்கும் மொட்டை ரயர் என்பதற்கும் வேறுபாடில்லை. அத்தகைய இடத்தில் சில்லைச் சற்றே விரைவாகச் சுழலவிட்டுக் களியை உதறியபின், விசையைக் குறைத்து நகர்தல் வேண்டும். ‘ஸ்ரியறிங்’கைச் சிறிது இடமும் வலமும் அசைத்தால் ரயரின் தோட்கட்டைகளும் பிடிப்புக் கொள்ளும். வண்டி நகராதபோது விசையை மேலும் மேலும் அழுத்துவோர் தமக்குத் தாமே குழி தோண்டுகின்றனர். மணலில் நிலைமை இதற்கு மாறானது. பூநகரியிலும் வடமராட்சி கிழக்கிலும் உள்ள மணற்பாதைகளில் பெருங்கட்டைகள் மணலை வாரியெடுத்து வண்டியை அமிழ்த்துமேயன்றி உயர்த்தமாட்டா.

தார் வீதியில்

பரந்தன் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் கத்தரியும் பூசணியும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். தோட்டத்திலிருந்து கண்டி வீதி வரை சேற்றுப்பாதை ஒரு கிலோமீற்றர் இருக்கலாம். அதன்பின் காப்பெற் இடப்பட்ட வீதி 180 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஒரு கிலோமீற்றருக்காகப் பூட்டிய ரயர் எஞ்சிய தூரம் முழுவதிலும் அதிக எரிபொருளைக் குடிக்கும், இரைச்சலிடும், விரைவில் தேயும். இவை பணத்தால் ஈடுசெய்யத்தக்கன. ஈடுசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. அது மழையில் நனைந்த தார் வீதியில் நிறுத்தும் தூரம்.

வெற்றிடம் அதிகமாக இருப்பதனால் சேற்று ரயரின் இறப்பர் வீதியைத் தொடும் பரப்புக் குறைவு. தேங்கி நிற்கும் நீரை அதன் ஆழ்ந்த தவாளிப்புகள் நன்றாகவே விலக்கும். அதில் குறைகூற இடமில்லை. ஆபத்து இருப்பது மெல்லிய நீர்ப்படலத்தில்தான். வீதி ரயரின் கட்டைகளில் உள்ள கத்திக்கீறல் போன்ற நுண்வெட்டுகள் அப்படலத்தை வெட்டிப் பிடிப்புத் தரும். சேற்று ரயரிற் பலவற்றுக்கு அவை மிகக் குறைவு. நீண்ட வரட்சியின் பின் ஒக்டோபரில் விழும் முதல் மழையில், வீதியிற் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்கும். நிலப்பண்படுத்தலுக்காக வண்டிகள் ஓடித்திரியும் காலமும் அதுவே. ஆகவே ஈரவீதியில் முன்செல்லும் வாகனத்துக்கு விடும் இடைவெளியை இருமடங்காக்குதல் வேண்டும். வளைவை அடையுமுன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமேயன்றி, வளைவுக்குள் தடையை அழுத்தலாகாது.

சிலர் செலவை எண்ணிப் பின்சில்லுகள் இரண்டுக்கு மட்டும் சேற்று ரயர் பூட்டுவர். இது மிகத் தவறான சிக்கனம். ஈரவீதியில் முன்சில்லுகள் பிடிக்க, பின்சில்லுகள் வழுக்கினால் வண்டியின் வால் வீசி எறியப்படும். நான்கு சில்லிலும் விசை செல்லும் வண்டியாயின், முன்பின் ரயர்களின் விட்டம் வேறுபடும்போது விசைப்பங்கீட்டுப் பெட்டியும் கெடும். நான்கும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருத்தல் வேண்டும். வண்டிக்குக் குறித்த அளவிலும் பெரிய ரயர் பூட்டினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். விட்டம் நூற்றுக்கு 5 பங்கு கூடினால், முள் 60இல் நிற்கும்போது வண்டி 63 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரைச்சலைப் பற்றி ஒரு சொல். கட்டைகள் வீதியில் அடிக்கும் ஓசைக்குக் காது சில வாரங்களிற் பழகிவிடும். பழகுவதே கேடு. சில்லின் பெயாரிங் பழுதாகும்போது எழும் முனகல் அவ்வோசைக்குள் மறைந்துவிடும். மாதமொருமுறை வண்டியை உயர்த்தி, ஒவ்வொரு சில்லையும் கையாற் சுழற்றியும் மேலும் கீழும் ஆட்டியும் பார்ப்பது நன்று.

காற்றமுக்கம்

ரயருக்குரிய காற்றமுக்கம் சாரதிப் பக்கக் கதவோரத்தில் உள்ள அட்டையிற் குறிக்கப்பட்டிருக்கும். அதனை வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். சேற்றிலோ மணலிலோ இறங்குமுன் அமுக்கத்தைக் குறைத்தால் ரயர் தட்டையாகி அதன் பாதம் நீளும். வண்டியின் பாரம் பரவி, புதைதல் குறையும். 30 இறாத்தலில் ஓடும் ரயரை, பாரம் அதிகமில்லாதபோது, 20 இறாத்தலுக்கு இறக்கலாம். 15க்குக் கீழே சென்றால் திரும்பும்போது ரயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். கட்டைகளைக் காட்டிலும் இந்த ஓர் உபாயமே வண்டியைப் பலமுறை காக்கும்; சாதாரண ரயருக்கும் இது பொருந்தும். ஆயின் காற்றைக் குறைத்தவர் தார் வீதி ஏறுமுன் அதனை மீண்டும் நிரப்பியே ஆகவேண்டும். குறைந்த காற்றுடன் பாரமேற்றி வேகமாக ஓடும் ரயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். வண்டியின் மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப்பம்பியும் அமுக்கமானியும் இல்லாதவர் காற்றை இறக்காதிருப்பதே மேல்.

ஒட்டிவரும் மண்

வயலிலிருந்து வெளிவரும் சேற்று ரயர் தன் தவாளிப்புகளில் மண்ணைச் சுமந்து வருகிறது. அம்மண் முதலில் விழும் இடம் வீதிச் சந்தி. மழையில் அந்தக் களிக்கட்டிகளின்மேல் ஏறும் மோட்டார் சைக்கிள் சறுக்கும். சறுக்குபவர் பெரும்பாலும் அதே ஊரவராக இருப்பார். எஞ்சிய மண் அடுத்த தோட்டம் வரை செல்லும். களைநெல்லின் விதையும், யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பரவியுள்ள பார்த்தீனியத்தின் விதையும் இவ்வாறு ஊர்விட்டு ஊர் போகின்றன. தக்காளியையும் கத்தரியையும் மாய்க்கும் பற்றீரியா வாடல்நோயின் கிருமி மண்ணில் வாழ்வது. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு நிலங்களில் உள்ள பொன்னிற வட்டப்புழுவின் கூடுகளோ கிழங்கு பயிரிடப்படாமலே பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். நோய் கண்ட பாத்தியிலிருந்து ஒரு செடியைக்கூட எடுத்துச் செல்லாதவர், ரயரில் ஒரு கூடை மண்ணைக் கொண்டுசெல்வதைக் கவனிப்பதில்லை. நெல் வெட்டும் இயந்திரங்களைப் பற்றிக் கூறப்படுவது பிக்கப் வண்டிக்கும் பொருந்தும்: நிலத்தை விட்டு நீங்குமுன், அந்த நிலத்திலேயே, தடியாற் கிண்டியும் நீரடித்தும் ரயரைக் கழுவவேண்டும். கழுவுநீர் வாய்க்காலில் இறங்கலாகாது.

சில்லின் உட்புறத்தையும் கழுவுதல் வேண்டும். உள்விளிம்பில் ஒருபக்கமாகக் காய்ந்து ஒட்டிய சேறு சில்லின் சமநிலையைக் கெடுக்கும். 70 கிலோமீற்றர் வேகத்தில் ‘ஸ்ரியறிங்’ நடுங்கும். இதனைப் பெரிய பழுதென்று எண்ணிக் கராஜுக்குச் சென்று பணம் கொடுப்பவர் உளர். ஒரு வாளி நீரே போதுமானதாக இருக்கலாம்.

செல்லத்தகாத இடங்கள்

வீதி ரயர் பூட்டிய வண்டி வயல்வாசலில் நின்றுவிடும். சேற்று ரயர் பூட்டியது உள்ளே போய்விடும். இதுவே சேற்று ரயரால் நிலத்துக்கு விளையும் பெருந்தீங்கு. பலபோகம் உழுது சேறடித்த வயலில், மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய ஒரு படை அமைந்திருக்கும். நீரைத் தாங்கி நிறுத்துவது அதுவே. பாரவண்டியின் ஒடுங்கிய சில்லு அதனை உடைத்தால், அவ்விடத்தில் நீர் ஒழுகிப்போகும். மேட்டுநிலத் தோட்டத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு: அங்கே பாரம் ஈரமண்ணை இறுக்கி, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வேரோடும் வழியை அடைத்துவிடும். குளக்கட்டின் மேலும் வாய்க்கால் அணைகளின் மேலும் மழைநாளில் பதியும் சில்லுத்தடம் நீரோடும் கானாகி அணையை அரிக்கும். கமக்காரர் அமைப்பு சிரமதானத்தால் திருத்திய அணையை ஒரே வண்டி ஒரே மாலையிற் கெடுத்துவிடலாம். மூடைகளை வயலிலிருந்து வீதி வரை இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியிற் கொண்டுவந்து, அங்கே பிக்கப்பில் மாற்றியேற்றுவதே பல இடங்களிற் சிறந்த வழி.

வாங்குவோர் கவனத்துக்கு

ஓட்டத்திற் பெரும்பகுதி தார் வீதியாக இருப்பவருக்குக் கலப்புவகை ரயர் பொருந்தும். அதன் கட்டைகள் நடுத்தர அளவின. சேற்று ரயரின்றி முடியாதவர், இயலுமாயின், இரண்டு தொகுதிச் சில்லுகள் வைத்திருக்கலாம். பெரும்போக மழை மாதங்களுக்கு ஒன்று, ஏனைய காலத்துக்கு மற்றொன்று. முதற்செலவு அதிகமாயினும், இரண்டும் மாறிமாறி ஓய்வெடுப்பதனால் ஒவ்வொன்றும் நெடுங்காலம் உழைக்கும்.

கட்டைகளின்மேல் கையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தால் ஒருபுறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் வாட்பல் போலவும் இருப்பின் தேய்வு சீராக இல்லை என்பது பொருள். 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சில்லுகளை முன்பின்னாக மாற்றுவது அதனைக் குறைக்கும். பாதி தேய்ந்த சேற்று ரயருக்குச் சேற்றிற் சிறப்பு எதுவும் இராது. இரைச்சல் மட்டும் கூடியிருக்கும்.

பாவித்த ரயர் வாங்குவோர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. கட்டைகள் எவ்வளவு உயரமாக இருப்பினும், பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும் பழைய ரயரை மூடை ஏற்றும் வண்டிக்குப் பூட்டலாகாது.