வாத்தைக் காப்பாற்றக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

1. பறவைக்கு முன்னால் ஏரியைப் பாருங்கள். மடகாஸ்கரின் அலோத்ரா ஏரியில் சுற்றுக் குன்றுகளின் காடு போய் மண் சரிந்து இறங்கியது. கோரைச் சதுப்பு நெல்வயலானது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் பெருகின. வலைகளில் வாத்துகளும் மாட்டின. 1991-இல் பிடிபட்ட ஓர் ஆணோடு, அந்த ஏரியில் மடகாஸ்கர் போச்சார்டு வாத்தின் கதை முடிந்தது.

2. இல்லை என்று எழுத அவசரப்படாதீர்கள். 2006-இல் பூனைப்பருந்தைத் தேடி வடக்கு மலைப்பகுதிக்குப் போனவர்கள் மட்சபோரிமேனா ஏரியில் இந்த வாத்தைக் கண்டார்கள். எல்லாவற்றுக்கும் இப்படி வாய்க்காது. அலோத்ரா முக்குளிப்பான் அற்றுப்போனதாக 2010-இல் அறிவித்தாயிற்று.

3. எஞ்சிய இடம்தான் உகந்த இடம் என்று நம்பிவிடாதீர்கள். படித்தவர்களே சறுக்குவது இங்கேதான். மட்சபோரிமேனா எரிமலை வாய்க்குள் தேங்கிய ஏரி. ஆழம் அதிகம், நீர் குளிர்ச்சி, இரை குறைவு. இந்த வாத்தோ மூழ்கி அடியிலுள்ள பூச்சி, புழுக்களைத் தின்பது. தாய் மூழ்கும் ஆழத்துக்குக் குஞ்சால் போக முடியாது. முட்டைகள் ஒழுங்காகத்தான் பொரிந்தன. இரண்டு மூன்று வார வயதில் பெரும்பாலான குஞ்சுகள் பட்டினியில் செத்தன. வேட்டைக்குக் காவல் போட்டிருந்தாலும் செத்திருக்கும். மனிதர் அதிகம் தொடாததால் தப்பிய மூலை அது, அவ்வளவுதான். வாத்துக்கு வேண்டியது ஆழம் குறைந்த, இரை நிறைந்த ஏரி.

4. கிடைத்ததை வைத்து வேலை பாருங்கள். 2009-இல் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். வளர்ப்பு மையம் அப்போது எழும்பியிருக்கவில்லை. அன்ட்சோஹிஹி ஊரில் ஒரு ஹோட்டலில் குஞ்சுகள் வளர்ந்தன. 2018-இல் சோஃபியா ஏரியில் 21 பறவைகளை விட்டபோது, மீன்பண்ணையின் மிதவைக் கூண்டையே பறவைக் கூண்டாக மாற்றிக்கொண்டார்கள். திறந்துவிடுமுன் அந்தத் தண்ணீர் பழகட்டும் என்றுதான்.

5. உழவரையும் வலைக்காரரையும் வில்லனாக்காதீர்கள். ஏரிதான் அவர்களுக்கும் சோறு. நம் ஊரில் செம்மை நெல் சாகுபடி என்கிறோமே, அது மடகாஸ்கரில் பிறந்ததுதான். அந்த நாட்டு உழவருக்குப் பாடம் எடுக்கக் கிளம்புமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆணா பெண்ணா என்று அறியக் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த ஆணின் கண் வெள்ளை, பெண்ணின் கண் பழுப்பு. இளம் பறவைகளில் குழப்பம் வரும். வந்தால், 'தெரியவில்லை' என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள்.