கணினி பார்க்கும் பயிர்க் கடன்: முண்டு மிளகாய் விவசாயிகள் கவனத்துக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாய் பெரும்பாலும் மானாவாரியாகவே பயிரிடப்படுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது முதல் பழம் பறிக்கும் வரை செலவுக்குப் பணம் வேண்டும். 2023-ல் இம்மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வங்கி பார்ப்பது பயிரின் பெயரை அல்ல, பதிவேட்டைத்தான். அந்தப் பதிவேட்டை இப்போது கணினியும் படிக்கத் தொடங்கியுள்ளது.

கிசான் கடன் அட்டையை முழுவதும் கணினி வழியே வழங்கும் சோதனையை ரிசர்வ் வங்கி 2022-ல் தமிழகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மேற்கொண்டது. நில ஆவணத்தை வங்கியே கணினியில் பெறுவதால் அலைச்சல் குறைகிறது. இது நல்லதே.

பூட்டிய கணக்கு

ஆவணங்களைக் காக்க வந்துள்ள முறை பிளாக்செயின். ஊர்ச் சீட்டுக் கணக்கைப் பத்துப் பேர் தனித்தனி நோட்டில் எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தம் நோட்டைத் திருத்தினால் மற்ற ஒன்பதும் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயினும் அத்தகையதே. தமிழக அரசு 2020-ல் இதற்கெனக் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்ற அமைப்பையும் ஏற்படுத்தியது.

எழுதியதை யாரும் மாற்ற முடியாது என்பதால் எழுதியது சரி என்று ஆகிவிடாது. மிளகாய் நின்ற வயலை அடங்கலில் தரிசு என்று பதிந்தால், அந்தத் தரிசுதான் பத்திரமாகப் பூட்டப்படும். எனவே விதைப்பு முடிந்ததும் சர்வே எண், பயிர், பரப்பு ஆகியவை சரியாக ஏறியுள்ளனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுப் பட்டாவில் உள்ளவர்கள் உட்பிரிவு செய்துகொள்வதைத் தள்ளிப்போடக் கூடாது. குத்தகைக்கு உழுபவர் பாடுதான் கடினம். அவர் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் கணினிக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

கணினி 'வேண்டாம்' என்றால்

செயற்கை நுண்ணறிவு பழைய கணக்குகளை வைத்தே மதிப்பிடுகிறது. அடிக்கடி வறட்சி கண்ட வட்டாரத்தில், தவணை தவறாமல் கட்டியவரையும் வட்டாரத்தோடு சேர்த்துக் குறைவாக மதிப்பிட்டுவிடக்கூடும். செயற்கைக்கோள் படத்திலும் எச்சரிக்கை தேவை. சீமைக் கருவேலும் பச்சைதான், மிளகாயும் பச்சைதான்!

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, இயந்திரத்தின் முடிவுக்கு நிறுவனமே பொறுப்பு என்றும், முடிவு விளங்கும்படி இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்துள்ளது. பரிந்துரை சட்டம் ஆகாது. ஆனால் கடன் மனுவை மறுத்தால் முக்கியக் காரணங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு முன்பே உள்ள விதி. 'கம்ப்யூட்டர் ஏற்கவில்லை' என்பது காரணமல்ல.

மனுவைக் கொடுக்கும்போதே தேதியிட்ட ரசீது பெற்றுக்கொள்வது நல்லது. காரணம் தராவிட்டால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அவர் கடன் வாங்கித் தரமாட்டார். சேவைக் குறைபாட்டை விசாரிப்பார். புகாருடன் ரசீதின் நகலையும் திருத்திய அடங்கல் நகலையும் இணைக்க வேண்டும்.