லினக்ஸ் போட்டா பறக்குமுங்களா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து கோவைப் பக்கத்தில் இரண்டு கட்சிகள். பழைய சிஸ்டத்தை இரும்புக்கடைக்குப் போடச் சொல்கிறது ஒன்று. லினக்ஸைப் போட்டால் எதுவும் ஓடும் என்று சத்தியம் செய்கிறது இன்னொன்று. மில் ஆபீஸ், பனியன் கம்பெனி, மளிகைக் கடை, லேத் பட்டறை எல்லாவற்றிலும் பத்துப் பதினைந்து வயதுப் பெட்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற ஊர் இது. இரண்டு கட்சி சொல்வதையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

"விண்டோஸ் 11 ஏறாத மெஷின் செத்த மெஷினுங்க."

இல்லை. விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸரும். இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. 2015-இல் வாங்கிய ஐ-5 பெட்டி வேகக் குறைவால் தள்ளப்படவில்லை, பட்டியலில் இல்லாததால் தள்ளப்பட்டது. அதில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, ராம் 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட்டைப் போட்டால் ஆபீஸ் வேலைக்கு இன்னும் சில வருஷம் தாராளமாக வரும்.

"லினக்ஸ் போட்டா எந்தப் பழைய சிஸ்டமும் பறக்கும்."

ஆர்வலர்கள் பரப்பிய நம்பிக்கை இது. முதல் கட்சி செய்ததைவிட அதிக ஏமாற்றத்தை இதுதான் கொடுத்திருக்கிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதியது ஒரு 386 கணினியில். அந்த 386-ஐயே லினக்ஸ் 2013-இல் வந்த 3.8 பதிப்போடு கைவிட்டது. பிறந்த வீட்டையே இடித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் 486-ஐயும் நீக்கும் திருத்தங்கள் முன்வைக்கப்பட்டன. இந்த இரண்டையும் கோவையில் யாரும் தேடப்போவதில்லை. நம்மைப் பாதிப்பது 32 பிட், 64 பிட் என்ற கோடு. உபுண்டு 17.10-இலிருந்து 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-லேயே போய்விட்டது, ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது.

வருஷத்தை வைத்து இந்தக் கோட்டைக் கணிக்க முடியாது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ 64 பிட். 2008-இல் சின்ன நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 வெறும் 32 பிட். அதனால் வாங்கிய பில்லைப் பார்க்காமல் பிராசஸரின் மாடல் எண்ணைப் பாருங்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அடுத்த முட்டுக்கட்டை பிரவுசர். ஆன்டிஎக்ஸ், பப்பி மாதிரி எடை குறைந்த லினக்ஸ்கள் 512 எம்பி ராமிலேயே எழுந்து நின்றுவிடும். கடைக்காரர் அதைக் காட்டிப் பெருமைப்படுவார். வீட்டுக்குக் கொண்டுபோய் ஜிமெயில் ஒரு டேப், யூடியூப் ஒரு டேப் திறந்ததும் மூச்சு நின்றுவிடும். கனம் கூடியது இணையப் பக்கங்களில், இயங்குதளத்தை மாற்றி அதைக் குறைக்க முடியாது. 2 ஜிபிக்குக் கீழே உள்ள பெட்டியில் டைப் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், கோப்புகளைச் சேமித்துவைக்கலாம், பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கலாம். இணையம்தான் வேலை என்றால் 4 ஜிபி வேண்டும்.

இன்னும் பழசை ஓட்டியே தீருவேன் என்பவர்களுக்கு நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இருக்கிறது. அது வாக்ஸ் போன்ற 1970-களின் வம்சத்துக் கணினிகளைக்கூட விட்டுவிடவில்லை. பொழுதுபோக்கு என்ற அளவில் எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய அந்தப் பெட்டி முன்னால் உட்காராதீர்கள்.

"கவர்மென்ட் லேப்டாப்புல லினக்ஸெல்லாம் வராதுங்க."

வந்ததே அதோடுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கருவிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை வைத்து உருவாக்கியது அது. அதற்கும் முன்பே தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் தம் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். பிறகு என்ன ஆயிற்று? பல வீடுகளில் முதல் தடவை ஃபார்மட் போட்டபோதே பாஸ் அழிக்கப்பட்டது. அதற்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்பது என் கணிப்பு. பழுது வந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இல்லாத எந்த இயங்குதளமும் நிலைக்காது. வாளையாறு தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் பல வருஷமாக நிற்கிறது. பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையே பிள்ளைகள் அதில்தான் எழுதுகிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி முதலில் கொடுக்கப்பட்டது.

பரணில் கிடக்கிற அந்த 2 ஜிபி கவர்மென்ட் லேப்டாப்பை இறக்கினால் ராம் சேர்க்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இயங்குதளம் அதற்குப் பிறகு.

"லினக்ஸ்ல தமிழ் வராது."

2010 ஜூனில் செம்மொழி மாநாடு இதே கோவையில் நடந்தபோதே தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்றைய லினக்ஸ் எதிலும் யுனிகோடு தமிழ் தெளிவாக வரும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. தகராறு செய்பவை அதற்கு முந்தைய கோப்புகள்: டாம், டாப், பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளும் பத்திரங்களும். எழுத்துருவை மாட்டாமல் திறந்தால் அவை புது விண்டோஸிலும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

"பில் பிரிண்டரும் டேலியும் போயிரும்."

பாதி உண்மை. பிரிண்டர் போகாது. டிவிஎஸ் எம்.எஸ்.பி. 240 போன்ற டாட் மேட்ரிக்ஸ்கள் எப்சனின் கட்டளை மொழியைப் புரிந்துகொள்பவை, லினக்ஸ் அந்த மொழியை நன்றாகவே பேசும். டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுகிற ஒயின் என்ற மென்பொருள் வழியாக ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது அந்தச் சோதனை வேண்டாம். ஒரே ஒரு நல்ல விண்டோஸ் பெட்டியில் டேலியை வைத்து, மற்றப் பழைய பெட்டிகளில் லினக்ஸைப் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் போகலாம். அதற்குரிய உரிமங்களை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் பழைய பெட்டி வெறும் திரையும் விசைப்பலகையுமாக இருந்தால் போதும்.

"பட்டறைக்குப் பழைய சிஸ்டம் ஆகாது, புது லேப்டாப் வாங்கிரலாம்."

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. சின்ன ரவுட்டரையோ மில்லிங் மெஷினையோ தாமே சி.என்.சி. ஆக்க நினைப்பவர்களுக்கு லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 1990-களில் செய்த ஆய்விலிருந்து கிளைத்தது. பேரலல் போர்ட் வழியாக ஸ்டெப்பர் மோட்டார்களுக்குத் துடிப்புகளை அனுப்பும்போது பிராசஸரின் வேகம் அவ்வளவு முக்கியமில்லை, நேரம் தவறாமை முக்கியம். லினக்ஸ்சிஎன்சி-யோடு வரும் தாமதச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். தடுமாற்றம் 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் அருமை, 50 வரை சமாளிக்கலாம், 100-ஐத் தாண்டினால் அந்தக் கணினி இந்த முறைக்கு ஆகாது. மின்சிக்கனத்துக்காகவும் சூட்டைக் குறைக்கவும் தன்னிச்சையாகக் குறுக்கிடுகிற லேப்டாப்புகள் பெரும்பாலும் இங்கே தோற்றுவிடும். போதாக்குறைக்கு, யுஎஸ்பி-யிலிருந்து பேரலல் ஆக்குகிற கேபிளும் இதற்கு உதவாது. நிஜமான பேரலல் போர்ட்டோடு மூலையில் கிடக்கிற பழைய டெஸ்க்டாப் புது லேப்டாப்பை ஜெயிக்கிற இடம் இது.

ஏற்கெனவே கம்பெனியின் சொந்த கார்டோடும், டாஸ் அல்லது எக்ஸ்.பி. மென்பொருளோடும் வந்த மெஷின் என்றால் கை வைக்காதீர்கள். அதன் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இணையத்தில் இணைக்காமல் ஓட்டுங்கள்.

"பழசுன்னா செலவே இல்லை."

பென்டியம் 4-இன் பிற்காலச் சில ரகங்களில் பிராசஸர் மட்டுமே 115 வாட் வரை வெப்பம் தள்ளும். மொத்தப் பெட்டியும் சராசரி 100 வாட் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தினம் எட்டு மணி நேரம், வருஷம் 300 நாள் ஓடினால் 240 யூனிட். சில வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை அதே வேலையைச் செய்யுமானால் பென்டியம் 4-க்கு ஓய்வு கொடுப்பதுதான் கணக்கு. கோர் 2 டுவோவுக்குப் பிந்தைய பெட்டிகளில் இந்த வாதம் பலவீனமாகிவிடும்.

கூடவே மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்த பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் தேதியைப் பழைய வருஷத்துக்குத் தள்ளிவிடும். தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளம் எதையும் பிரவுசர் திறக்காது, பழி லினக்ஸ் மேல் விழும்.

"போட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிருமுங்க."

பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்கிற பக்கம் ஒன்று வரும். பிள்ளைகளின் போட்டோக்கள் தொலைவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். அதற்கு முன்னால் அவற்றை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள்.