ஒரே அடுப்பு, ஒரே சமையல்: குடும்ப உணவைப் படிப்படியாக மாற்றும் முறை

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்த சோகை ஆகியவற்றுள் எதற்காக மருத்துவமனைக்கு வந்தாலும், மருந்துச் சீட்டுடன் "உணவையும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை சேர்ந்தே வரும். அன்று மாலையே பல வீடுகளில் நோயாளிக்கென்று ஒரு தனிப் பாத்திரம் அடுப்பில் ஏறுகிறது. மற்றவர்களுக்குச் சோறும் குழம்பும். அவருக்கு மட்டும் கோதுமை ரவைக் கஞ்சி. சில வாரங்களில் சமைப்பவர் களைத்துவிடுகிறார், உண்பவர் சலித்துவிடுகிறார். தனிப் பாத்திரம் பரணுக்குப் போகிறது. சர்க்கரை அளவும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

ஆகவே இந்தப் பாடத்தின் மையக் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நோயாளிக்குத் தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் எல்லோரும் உண்ணும் உணவையே மெல்ல மெல்லச் சத்துள்ளதாக மாற்றுங்கள். பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த மாற்றம் நோயாளிக்குச் சிகிச்சையாகவும் மற்றவர்களுக்குத் தடுப்பாகவும் அமையும்.

நம் பகுதியின் உணவு மாறிய விதம்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கரிசல் நிலத்தில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்தன. அவையே அன்றாட உணவாகவும் இருந்தன. நெல்லுச்சோறு விசேஷ நாள்களுக்கு உரியதாக இருந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் பெருகி, ஆணும் பெண்ணும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பின்னர், இடித்துப் புடைத்துச் சமைக்க வேண்டிய தானியங்களுக்கு நேரமில்லாமல் போயிற்று. அவற்றின் இடத்தை அரிசி பிடித்தது. 2011 ஜூன் முதல் தமிழக நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பசியைத் தடுத்த பெரும் உதவி இது. எனவே அரிசியைப் பகையாக எண்ண வேண்டியதில்லை. தட்டில் சோறு மலைபோல் உயர்ந்ததும், பருப்பும் கீரையும் காயும் ஒரு கரண்டியாகச் சுருங்கியதுமே நாம் திருத்த வேண்டியவை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. சுண்ணாம்புச்சத்து அரிசியில் ஏறத்தாழ 7 மில்லிகிராம். கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்கும் அதிகம். நார்ச்சத்து அரிசியில் சுமார் 3 கிராம். கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராம்.

இந்த வேறுபாட்டைப் பெரிதும் உணர வேண்டியவர்கள் பெண்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சிய சோற்றையும் குழம்பையும் கடைசியாக உண்பவரே பெரும்பாலும் வீட்டின் சமையலைச் செய்பவர். உணவு மாற்றத்தின் முதற்பங்கு அவருடைய தட்டுக்குச் செல்ல வேண்டும்.

ஏன் படிப்படியாக?

முதற்காரணம் நாக்கு. உப்பைக் குறைத்தால் தொடக்கத்தில் உணவு சப்பென்றிருக்கும். ஓரிரு மாதங்களில் அந்தக் குறைந்த உப்பே போதுமென்று நாக்கு பழகிவிடும். குழந்தைகள் ஒரு புதிய உணவை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கலாம். முதல் நாள் துப்பியதை வைத்து "என் பிள்ளைக்குக் கீரை பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் குடல். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் போதிய அளவு குடித்தால் குடல் பழகிக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் வீட்டின் வசதி. சமையல் நேரம், செலவு, மற்றவர்களின் விருப்பம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட இயலாது.

பெரிய திட்டங்களும் இவ்வாறே வளர்ந்தன. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989இல் இரண்டு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. பிறகு வாரத்துக்கு ஒன்றாகி, மேலும் கூட்டப்பட்டு, 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டைகள் என்ற நிலையை எட்டியது. அரசுக்கு அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நம் வீட்டுக்கு மூன்று மாதங்கள் போதும்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. சென்ற மாதத்துப் பலசரக்குச் சீட்டை எடுத்து, எண்ணெய், உப்பு, சர்க்கரை, அரிசி, பருப்பு ஆகியவை எவ்வளவு வாங்கப்பட்டன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே அடிப்படை.

1, 2ஆம் வாரங்கள்: எதையும் நிறுத்தாதீர்கள், சேர்க்க மட்டும் செய்யுங்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு கீரை. முருங்கைக்கீரைக்குச் செலவே இல்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் 4 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் உள்ளன. பருப்புடன் சேர்த்து வேகவைத்து, இறக்கியபின் சிறிது எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவும். கொய்யா, நெல்லிக்காய் ஆகியவற்றாலும் இதே பயன் உண்டு.

3, 4, 5ஆம் வாரங்கள்: இட்லி, தோசை மாவை மாற்றுங்கள். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஊறவைக்கும் வழக்கமுள்ள வீட்டில், அரிசியில் ஒரு பங்கைக் குறைத்து அதற்கு ஈடாகக் குதிரைவாலியோ கம்போ சேருங்கள். கம்பைத் தனியாக, கூடுதல் நேரம் ஊறவைக்க வேண்டும். இரண்டு வாரங்கள் பழகியபின் இரண்டு பங்காக்கலாம். தானியங்களிலுள்ள சில பொருள்கள் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் அவற்றைக் குறைக்கும். இரவில் கரைத்துவைத்த கம்மங்கூழின் சிறப்பும் இதுவே. கம்பு மாவு விரைவில் கசந்துவிடும் என்பதால் ஒரு வாரத் தேவைக்கு மட்டும் திரியுங்கள்.

6, 7ஆம் வாரங்கள்: தேநீரையும் நொறுக்குத்தீனியையும் கவனியுங்கள். உணவுடன் அருந்தும் தேநீர் இரும்புச்சத்தைத் தடுக்கும். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சர்க்கரையை வாரத்துக்கு அரைக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் எண்ணெய்ப் பரோட்டாவும் நம் ஊருக்குப் பெருமை சேர்ப்பவை. அவற்றை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. நாள்தோறும் உண்பதை வாரம் ஒருமுறை என்றாக்குங்கள். மற்ற நாள்களில் தட்டப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த நிலக்கடலை, வெள்ளரிக்காய் ஆகியவை இருக்கட்டும்.

8, 9, 10ஆம் வாரங்கள்: தட்டின் பங்கை மாற்றுங்கள். தட்டில் பாதி காயும் கீரையும். கால் பங்கு சோறு அல்லது சிறுதானியம். மீதிக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றுள் ஒன்று. முதலில் காயைப் பரிமாறி, பிறகு சோற்றை இடுங்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. சாளை மீன் விலை குறைந்தது, சத்து மிகுந்தது.

11, 12ஆம் வாரங்கள்: எண்ணெயையும் உப்பையும் அளந்து பயன்படுத்துங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்பது எளிய கணக்கு. நால்வர் குடும்பத்துக்கு இரண்டு லிட்டர். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றிலுள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும்.

பட்டாசு ஆலைக்குச் செல்வோருக்கு

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுவோர் பலர் வெறும் தேநீருடன் கிளம்பி, முற்பகலில் வடையோ பன்னோ உண்கின்றனர். முந்தைய இரவே கரைத்துவைத்த கூழும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் இருந்தால் காலையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. மதியத் தூக்குச்சட்டியில் சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு முட்டையோ சுண்டலோ வையுங்கள். மருந்துத் தூள் படிந்த கையுடன் எதையும் உண்ணக் கூடாது. சோப்பிட்டுக் கைகளையும் நகக்கண்களையும் நன்கு கழுவி, வேலை செய்யும் அறைக்கு வெளியே அமர்ந்து உண்ணுங்கள். தூக்குச்சட்டியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வேலையறைக்குள் வைக்காதீர்கள்.

மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்ற வேண்டியவர்கள்

நீரிழிவு நோயாளிகள்: சிறுதானியத்திலும் மாவுச்சத்து உண்டு. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் என்றால், கம்பில் சுமார் 62 கிராம். ஆகையால் அளவின்றி உண்ணலாம் என்று எண்ண வேண்டாம். நைசாக அரைத்துக் கரைத்த கூழைவிட, முழுத் தானியமாகச் சமைத்த சோறு சர்க்கரையை மெதுவாக ஏற்றும். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் சோற்றின் அளவைத் திடீரென்று குறைத்தால் தாழ்சர்க்கரை ஏற்படலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். உணவுடன் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டுமா என்று முன்னரே கேளுங்கள்.

சிறுநீரக நோயாளிகள்: கீரை, பயறு, இளநீர், பழங்கள் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் சிலருக்கு ஆபத்தாகலாம். மேலே சொன்ன பட்டியல் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குரிய அளவை மருத்துவரே வகுத்துத் தர வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்போர்: கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இரத்த சோகை உள்ளோர்: உணவு மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர வேண்டும். அதைத் தேநீருடனோ பாலுடனோ விழுங்காதீர்கள்.

பயனை அறிவது எவ்வாறு?

மூன்று மாதங்கள் கழித்து நான்கு அளவுகளைப் பாருங்கள். நீரிழிவு உள்ளோருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. பெண்களுக்கு ஹீமோகுளோபின், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எல்லோருக்கும் இரத்த அழுத்தமும் இடுப்புச் சுற்றளவும். இடையில் ஒரு வாரம் தவறிப்போனால் கவலை வேண்டாம். திருவிழாவோ திருமணமோ முடிந்ததும் விட்ட வாரத்திலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது புதிய பலசரக்குச் சீட்டையும் பழைய சீட்டையும் எடுத்து வாருங்கள். வீட்டில் சமைப்பவர் யாரோ அவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவருடைய கேள்விகளுக்கு விடை சொல்லவும், அவருடைய இரத்தத்தையும் ஒருமுறை பரிசோதிக்கவும் அது நல்ல வாய்ப்பாகும்.