இன்றியமையாத கருவி எது?

மைசூருக்கு அருகே, காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து சூழும் தீவு நகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். அதே ஆறு கீழே சிவசமுத்திரத்தில் அருவியாய் விழும் இடத்தில், 1902-ஆம் ஆண்டு பிறந்த மின்சாரம் முதலில் சென்றது கோலார் தங்கச் சுரங்கத்திற்கு. அடுக்களையை அது எட்டப் பல காலம் ஆயிற்று. இன்றோ கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடே பெற்றுள்ளது. மிக்சியும் குளிர்பதனப் பெட்டியும் பல இல்லங்களில் இடம்பெற்றுள்ளன.

எனினும், இன்றியமையாதவை என நாம் கருதும் அனைத்தும் அத்தகையவைதாமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

6,000 ரூபாய் கிரைண்டரை வாரம் இருமுறை வீதம் 10 ஆண்டுகள் இயக்கினால் 1,040 முறை ஆகிறது. ஒருமுறைக்கு ஏறத்தாழ 6 ரூபாய். 150 வாட் மோட்டார் 40 நிமிடம் ஓடினால் செலவாவது 0.1 யூனிட் மின்சாரமே. 3,000 ரூபாய்க்கு வாங்கிய டோஸ்டர் பத்தே முறை பயன்பட்டுப் பரண் ஏறினாலோ, ஒருமுறைக்கு 300 ரூபாய்!

தவணையில் வாங்குவோர் வட்டியுடன் செயலாக்கக் கட்டணத்தையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். வட்டியில்லாத் தவணை என்றால், ரொக்கத்திற்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழக்கிறோமா என்றும் வினவுதல் நன்று.

பணம் மட்டுமே அளவுகோலன்று. ஆட்டுக்கல்லின் முன் நம் பாட்டியர் செலவிட்ட பொழுதும் உடல்நோவும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. ஆதலின், மிச்சமாகும் உழைப்பையும் வரவில் எழுதுவோம். எது இன்றியமையாதது என்பதை, அடுக்களையில் உழைப்பவரைக் கேட்டே முடிவு செய்வோம்.